டொக்டருக்குக் காட்டாத முழங்கால்

காலை ஒன்பது இருபதுக்குக் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியபோது முதலில் கண்ணில் பட்டது, முன் சீட்டில் ஓர் அம்மா நீட்டி வைத்திருந்த இடது கால். பக்கத்தில் இருந்தவரும் அவரைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியை என்பது பேச்சில் தெரிந்தது.

“இந்த முழங்காலை ஒரு வருசத்துக்கு ஒருத்தருக்கும் காட்டக்கூடாது,” என்றார் கால் நீட்டியவர்.

“டொக்டருக்குமோ அக்கா?”

“அவருக்குத்தான் முக்கியமாய். பென்ஷன்காரருக்கு அரசாங்கம் தாற இன்ஷூரன்ஸ், பிரைவேட்டில ஒப்பரேஷன் செய்யக் காணாது. மிச்சத்துக்கு இன்னொண்டு எடுக்கப்போறன். முதலே இருக்கிற நோய் வருத்தத்துக்கு அவங்கள் தரமாட்டாங்கள். ஒரு வருசம் போனால் புது வருத்தம் எண்டு காட்டலாம்.”

“அப்ப இப்ப இருக்கிறது என்ன?”

“வயசுபோன கால்.”

மற்றவர் சிரித்தார். பிறகு, “அரசாங்க ஆஸ்பத்திரியில சும்மா செய்வினம்தானே,” என்றார்.

“முறை வருமட்டும் நான் உயிரோட இருக்கவேணுமே.”

“ஒரு வருசம் இப்பிடி இழுத்துக்கொண்டு திரிஞ்சால் மற்றக் காலும் போயிடும். பிறகு பொய் எண்டு பிடிபட்டால் ஒண்டும் தரவும் மாட்டாங்கள்.”

கால் நீட்டியவர் கைப்பையை எடுத்துக்கொண்டார். “இன்ஷூரன்ஸ் ஏஜன்ட் மார்க்கெட் பஸ் ஹோல்ட்டில நிப்பார். அவரோட வீடு போகும்வரைக்கும் நொண்டாமல் நேராய் நடந்தால் சரி.”

வெள்ளவத்தை மார்க்கெட்டில் பஸ் நின்றது. அவர் படியில் தயங்கினார். கீழே கோப்புடன் நின்ற, டை கட்டிய மனிதர், “மெதுவா டீச்சர்,” என்று கையை நீட்டினார்.

அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.