நிறுத்தினால்தான் போகும்

நல்ல கம்ப்யூட்டர் நிரல் துண்டு என்றால் பத்து வரியைத் தாண்டக் கூடாது என்பது என் கட்சி. காப்பி ஆறுவதற்குள் படித்து முடித்துவிட வேண்டும். என் வலைப்பக்கத்தில் அப்படிப்பட்டவற்றைத்தான் போட்டு வைத்திருந்தேன். தேதியைச் சரிபார்க்க ஒன்று, நீளமான பட்டியலைப் பக்கம் பக்கமாகப் பிரிக்க ஒன்று, இப்படி. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். படித்துவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்கிற துண்டு தேடல் பெட்டிக்காக எழுதியது, மேடம். ஒருவர் அதில் எழுத எழுத, எழுத்துக்கு எழுத்து ஓடிப்போய்த் தேடினால் செர்வர் திணறும். அதனால் கொஞ்சம் பொறுக்கச் சொல்வோம். ஒரு எழுத்து விழுந்ததும் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கும். அது முடிவதற்குள் அடுத்த எழுத்து விழுந்தால் பழைய கடிகாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணும். கை ஓய்ந்த பிறகுதான் தேடப் போகும். இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். தேடல் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமானது கிடையாது.

அதை எடுத்து அவசரப் பட்டனுக்கு வைத்தவர் எங்கள் குழுத் தலைவர் இலியே.

எங்கள் பட்டனைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் வேலைக்குப் போய்விட, ஊரில் தனியாகக் கிடக்கும் அப்பா அம்மாவின் மணிக்கட்டில் கட்டுவது. அழுத்தினால் க்ளூஜ் நகரத்தில் இருக்கும் எங்கள் உதவி மையத்தில் மணி அடிக்கும். அங்கிருந்து ஆம்புலன்ஸுக்குச் சொல்வார்கள். வயதானவர்கள் தூக்கத்தில் புரளும்போது பட்டன் நாலைந்து தடவை அமுங்கி, நாலைந்து அழைப்பு வந்துகொண்டிருந்தது. மையத்துப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். இலியே என் பக்கத்திலிருந்து அந்தத் துண்டை அப்படியே உருவி, பொறுக்கும் நேரத்தை மட்டும் அரை நிமிடமாக நீட்டி வைத்தார். வீண் அழைப்புகள் நின்றன. முதலாளி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒருவர் பதறிப்போய் விடாமல் அழுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. சோதித்துப் பார்த்த பையன்கள் ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுச் சமர்த்தாகக் காத்திருந்தார்கள். குப்புற விழுந்து கிடக்கிறவன் அப்படியா காத்திருப்பான்? அழுத்திக்கொண்டே இருப்பான். அவன் அழுத்திக்கொண்டே இருக்கும் வரைக்கும் அழைப்பு போகாது.

எனக்குத் தெரியும். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. எங்கள் ஆபீஸில் ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுக்காமல் எதுவும் வெளியே போகாது. அன்று இலியே எழுதியதைப் படிக்கும் முறை என்னுடையது. திறந்தால் என் துண்டு. என் பெயரை நீக்கியிருந்தார். 'தேடல் பெட்டிக்கு மட்டும்' என்று தலையில் நான் எழுதி வைத்திருந்த வரியையும் சேர்த்து நீக்கியிருந்தார்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தவள்தான். அதற்கு முன்பு ஒரு தடவை, பேட்டரி தீர்வதை எச்சரிக்கிற பகுதியில் ஒரு பிழையைக் காட்டினேன். நான் கிழக்கே வஸ்லுய் என்கிற ஏழை மாவட்டத்துக்காரி. இலியே நாற்காலியைத் திருப்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "இந்த வஸ்லுய்க்காரங்களுக்குப் பட்டம் கெடச்சா இதான் தொல்லை. பூட்டுன கதவ மூணு தடவ இழுத்துப் பாத்தாத்தான் தூக்கமே வரும்."

"எங்க ஊர்ல கதவாச்சும் ஒழுங்கா பூட்டும்," என்றேன்.

"அட, வாயப் பாரு! எவ்வளவு படிச்சாலும் அந்த இழுப்புப் பேச்சு மட்டும் போகல பாத்தியா?"

ஆபீஸே சிரித்தது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தது நான் ஒருத்திதான். அப்பா கொத்தனார். அம்மா இத்தாலியில், பெர்காமோவில், யாரோ ஒருவருடைய அப்பாவைக் குளிப்பாட்டுகிறாள், என் படிப்புக்காகப் போனவள். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. யாரைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பது பதிவாக வேண்டும்.

அதனால் அன்று நான் எதையும் சொல்லவில்லை. பக்கத்து இருக்கை மிரூனா, "என்னடி உத்துப் பாத்துட்டு இருக்கே? ஓகே போட்டுட்டு வா, காப்பி ஆறுது," என்றாள். ஓகே போட்டுவிட்டுப் போனேன்.

ஜெர்மனியிலிருந்து வாங்க வருகிறவர்கள் முன்னால் அது சந்தி சிரிக்கும் என்று எதிர்பார்த்தேன். என் நியாயம் அவ்வளவுதான்: நாலு பேர் பார்க்க அவர் விழிக்க வேண்டும். ஆனால் வந்தவர்களும் ஒரே தடவைதான் அழுத்தினார்கள், மரியாதைக்காரர்கள். பட்டன் வீடு வீடாகப் போய்விட்டது.

என் அப்பா கையிலும் ஒன்று இருக்கிறது. அவருடைய பட்டன் எண்ணை மட்டும் தனியாகப் பிரித்து, அழுத்திய உடனே அழைப்பு போகிற மாதிரி ஒரு வரி சேர்த்தேன். தனியாக இருக்கும் அப்பாவுக்கு எந்த மகளும் செய்வதுதான். அந்த வரிக்கு ஒப்புதல் கொடுத்தவர் இலியே. அதையும் படிக்கவில்லை. நீங்கள் தேடினால் இப்போதும் இருக்கும். எனக்குத் தெரியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உங்கள் கோப்பில் பெயர் இருக்கிற கிரிகோரே ஐயாவிடம் நான் ஒரு தடவை பேசியிருக்கிறேன். புதிய பட்டன்கள் சரியாக இணைந்திருக்கின்றனவா என்று கூப்பிட்டுக் கேட்கிற வேலையை எனக்குக் கொடுத்திருந்தார்கள். போனை எடுத்ததும், "யாரும்மா நீ? பேச்சு நம்ம பக்கமா இருக்கே," என்றார்.

"ஆமாங்க ஐயா. வஸ்லுய் பக்கம்."

"அடி சக்கை! க்ளூஜ்காரங்க கட்டுனதாச்சே, வேலை செய்யுமோ செய்யாதோன்னு நெனச்சேன். நம்ம பொண்ணு அங்க இருக்கா, அப்ப செய்யும். ஸ்பெயின்ல, சரகோசால இருக்குற என் மகதான் வாங்கி அனுப்புனா. கழட்டவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி இருக்கு போ."

நானும் சிரித்தேன். கழற்றாதீர்கள் என்றேன்.

இலியே உங்களிடம், படிக்காமல் எடுத்துப் போட்டதாகவும், குற்றம் முழுக்கத் தன்னுடையது என்றும் எழுதிக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெருந்தன்மைதான். ஆனால் சரியில்லை. அவருக்கு அது என்ன செய்யும் என்றே தெரியாது. தெரியாதவர் மேல் முழுக்கப் போட முடியாது. அது என்ன செய்யும் என்று புரிந்தவள் அந்த ஆபீஸில் நான் ஒருத்திதான். அது பதிவாகட்டும் என்றுதான் வந்தேன். யார் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. என் வலைப்பக்கத்தை நேற்று அழித்துவிட்டேன். பிரயோசனமில்லை, அந்தத் துண்டு எங்கெங்கோ போய்விட்டது. எந்த மருத்துவமனையில், எந்த லிஃப்டில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது. எடுத்தவர்களிடம் கேட்டாலும் தெரியாது.

அன்றைய மதியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

ஜூலை மாதம், புனித இலியே நாள். அந்தப் பெயர் வைத்தவர் அன்று மற்றவர்களுக்கு விருந்து கொடுப்பது வழக்கம், அதனால் அவரே செர்ரி கேக் வாங்கி வந்திருந்தார். எல்லோரும் சமையலறையில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "ஒட்டிலியா, வாடி, தீந்துடும்," என்று மிரூனா கத்தினாள். நான் போகவில்லை. பட்டன்கள் அமுங்குவதை அமுங்க அமுங்கக் காட்டுகிற ஒரு ஜன்னலை என் திரையின் ஓரத்தில் திறந்து வைத்திருப்பேன். வேறு யாரும் வைத்திருப்பதில்லை. அழைப்பு போவதற்கு முன்னால் அதில் தெரிந்துவிடும்.

கிரிகோரே ஐயாவின் பெயர் வந்தது. மறுபடி வந்தது. நிற்காமல் வந்துகொண்டிருந்தது. முற்றத்தில், வெயிலில், இடுப்பு எலும்பு உடைந்து கிடந்தார் என்று பிறகு உங்கள் அறிக்கையில்தான் படித்தேன். ஆனால் யாரோ விழுந்து கிடக்கிறார்கள் என்பது அப்போதே தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் கடிகாரம் முடியப்போகும், அவர் அழுத்துவார், அது முதலிலிருந்து எண்ணும். நான் நினைத்தபடியே, ஒரு பிசகும் இல்லாமல். போகப்போக இடைவெளி கூடியது. கடைசியில் அவர் நிறுத்தினார். அதற்குப் பிறகு அழைப்பு போனது. மையத்துப் பெண் எவ்வளவோ கூப்பிட்டாள், அந்தப் பக்கம் பதில் இல்லை.

அவர் அழுத்திக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவருடைய முகவரி என் திரையில் இருந்தது. போன் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. இலியே கேக் தட்டோடு திரும்பி வந்து பார்க்கும்போது என் தலை திரையை மறைக்கக் கூடாதே என்று, நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன்.