கேன் ஹார்ட்லி

போடியிலிருந்து குரங்கணி போகும் பஸ்சில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். உள்ளூர் டாக்டரிடம் காட்டச் சொல்லி மதுரை ஆஸ்பத்திரியில் கொடுத்த ஆங்கிலக் கடிதத்தைக் கணவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ஒன் கட்டி ரொம்பக் கெட்டியாம்த்தா. ஹார்டுன்னு போட்ருக்கு. பக்கத்துலயே கேன்சர்னும் போட்ருக்கு."

அந்த அம்மாள் மடியிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைத் தொடவேயில்லை.

அவர்களுக்குப் பக்கத்து இருக்கைப் பெண் கை நீட்டினாள். "அதக் கொண்டாங்கண்ணே." வாங்கிப் படித்தாள். "ஹார்டு இல்லண்ணே, ஹார்ட்லி. கேன் ஹார்ட்லி பி கேன்சர்."

"கேன்னா இருக்கலாம்னுதானம்மா அர்த்தம்?"

"கேன் மட்டும் வந்தா இருக்கலாம். ஹார்ட்லியும் சேந்து வந்தா, அதுவா இருக்க வாய்ப்பே இல்லேன்னு அர்த்தம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதத்தான் நேராச் சொல்லித் தொலஞ்சா என்னவாம் இவிய்ங்களுக்கு?"

"கீழ நேராத்தான் போட்ருக்கு. ஆறு மாசங்கழிச்சு கண்டிப்பா வந்து காட்டணுமாம்."

அந்த அம்மாள் அப்போதுதான் வாயைத் திறந்தார். முறுக்குப் பொட்டலத்தின் நூலைப் பிரித்துக்கொண்டே, டாக்டரே எதிரில் நிற்பதுபோலச் சொன்னார்:

"கண்டிப்பா வருவேன்."