நாகலக்ஷ்மிக்குச் சொல்லிக்கொடுத்த பதில்

அறுபது வயது வரை எனக்குப் பால் காய்ச்சத் தெரியாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிப்பார்கள். என் தலைமுறையில் இதில் பெருமையும் இல்லை, வெட்கமும் இல்லை. தையல் மிஷின் ஓட்டத் தெரியாது என்று சொல்வதைப் போலத்தான் இதையும் சொல்லிக்கொள்வோம்.

என் பெயர் சீதாராமன். அப்பா காலத்திலேயே கல்கத்தாவுக்கு வந்து லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய குடும்பம். கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றேன். கப்பலை விட்டு இறங்குகிறவனின் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அவன் வாயைத் திறக்க வைப்பதுதான் எங்கள் வேலை. என்ன கொண்டுவந்திருக்கிறாய் என்று கேட்டதும் அவன் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே ஆளை எடை போட்டுவிடுவோம். அதற்குப் பிறகு அவன் என்ன விளக்கம் சொன்னாலும் எங்கள் காதில் ஏறாது. நான் யாரிடமும் கை நீட்டியதில்லை. சட்டம் என்றால் சட்டம்தான் என்று இருந்தவன். துறைமுகத்தில் இதை வைத்து என்னைக் கேலி செய்தவர்களும் உண்டு.

எங்களுக்கு ஒரே பெண், தாரா. அவளும் மாப்பிள்ளை கிரீஷும் நியூ ஜெர்சியில் இருந்தார்கள். 1999-இல் தாராவின் முதல் பிரசவத்துக்காக என் மனைவி நாகலக்ஷ்மி அமெரிக்கா போனாள். டூரிஸ்ட் விசா. ஆறு மாதம் தங்கலாம் என்று முத்திரை குத்துவார்கள், மனுப் போட்டால் இன்னும் ஆறு மாதம் கிடைக்கும். அப்புறம் ஊருக்கு வந்து ஒரு மாதம் முகத்தைக் காட்டிவிட்டு மறுபடியும் விமானம் ஏற வேண்டியது. எங்கள் தெருவிலேயே நாலைந்து மாமிகள் இப்படிப் போய்வந்துகொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் ஆறு மாதம், பிள்ளையைப் பெற்றவர்கள் ஆறு மாதம் என்று டியூட்டி மாற்றிக்கொள்வார்கள். பெயர்தான் டூரிஸ்ட் விசா. டூரெல்லாம் சமையலறைக்கும் குழந்தை தூங்கும் அறைக்கும் நடுவில்தான்.

கிரீஷின் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அதனால் இரண்டு டியூட்டியும் நாகுவின் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வது நான்தான். அவள் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை.

நானும் ஒரு தடவை போனேன். பனிக்காலம். ஜன்னலோரம் உட்கார்ந்து கார்களை எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. அங்கே நான் யாருமில்லை, தாராவின் அப்பா, அவ்வளவுதான். நாகுவோ புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, பேத்தி சுபிக்ஷாவை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவாள். எதிரில் வருகிற வெள்ளைக்காரியிடம் ‘ஹாய்’ என்பாள். பக்கத்து வீட்டுக் குஜராத்திப் பெண் வேலைக்குப் போகும்போது தன் குழந்தையையும் நாகுவிடம் விட்டுப் போவாள். வெள்ளிக்கிழமையானால் நாகுவின் கையில் கொஞ்சம் டாலர் வைப்பாள். கல்யாணமானதிலிருந்து நாகு சம்பாதித்த முதல் பணம் அதுதான். அதில் எனக்கு ஓர் எலக்ட்ரிக் ஷேவர் வாங்கித் தந்தாள்.

அவள் அங்கே சந்தோஷமாக இருந்தாள். என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். தனிமையை நான் தாங்கியிருப்பேன். முப்பது வருடம் என் பக்கத்தில் இருந்தபோது நான் பார்க்காத ஒரு சிரிப்பு அவள் முகத்தில் இருந்தது. நான் தனியாகத் திரும்பி வந்தேன்.

அதற்கப்புறம் கல்கத்தாவில் என் வாழ்க்கை என்ன வாழ்க்கை? காலையில் லேக்கைச் சுற்றி நடப்பேன். மத்தியானம் மெஸ்ஸிலிருந்து டிபன் கேரியர் வரும். மாடி வீட்டு வங்காளிப் பெண் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “தாதா, பௌதி கபே ஆஷ்பேன்?” என்று கேட்பாள். என் பெண்டாட்டி எப்போது வருவாள் என்று ஊரே கேட்கிறது, பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. துர்கா பூஜைக்கு வருவாள் என்பேன். பூஜை வரும், அவள் வரமாட்டாள். கோபம் வந்தது. அவமானமாகவும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்துச் சட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஊர் சுற்றிப் பார்க்கக் கொடுத்த அனுமதியில் ஒரு பெண்மணி குழந்தை பார்க்கிறாள், அதற்குக் காசும் வாங்குகிறாள். சுங்க அதிகாரியின் வீட்டிலேயே இப்படி ஒரு மோசடி நடக்கலாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அப்படிக் கேட்டுக்கொள்வது ஆறுதலாக இருந்தது.

2002-இல் நாகு ஒரு மாதம் ஊரில் இருந்தாள். தாரா இரண்டாவது தடவையாக உண்டாகியிருந்தாள். ஐந்தாம் மாதம் ஏதோ சிக்கல் வந்து, எழுந்து நடக்காதே, கனம் எதையும் தூக்காதே என்று டாக்டர் படுக்கவைத்துவிட்டார். சுபிக்ஷாவுக்கு இன்னும் மூன்று வயது முடியவில்லை. அம்மா எப்போது வருவாள் என்று தாரா தினமும் போன் செய்தாள். துர்கா பூஜை முடிந்த கையோடு நாகு கிளம்புவதாக ஏற்பாடு.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவில்லை.

அமெரிக்கா போகிற எல்லா மாமிகளுக்கும் ஒரு பாடம் நடக்கும். விமானத்திலிருந்து இறங்கியதும் கவுன்டரில் இருக்கிறவன் எதற்கு வந்தாய் என்று கேட்பான். பெண்ணைப் பார்க்க, நயாகரா பார்க்க என்று சொல்ல வேண்டும். குழந்தை பார்த்துக்கொள்ள என்று மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. தாரா இதைப் போனில் அம்மாவுக்குப் பலமுறை சொல்லியிருந்தாள். முந்தைய வருடம் அங்கே கோபுரங்கள் இடிந்து விழுந்த பிறகு கேள்விகள் கடுமையாகிவிட்டன என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நாகு பயந்துபோயிருந்தாள்.

“ஏன்னா, நீங்க இதே வேலையில இருந்தவர். என்ன சொன்னா விடுவான்னு நீங்களே சொல்லிக் குடுங்கோ” என்றாள்.

நான் சொல்லிக்கொடுத்தேன்.

தாரா சொல்வது பழைய பதில் என்றேன். இப்போதெல்லாம் நயாகரா என்றாலே சந்தேகப்படுகிறார்கள், உண்மையைச் சொன்னால் மதிப்பார்கள் என்றேன். இங்கிலீஷில் இரண்டே வாக்கியம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வருகிறேன். அதற்கு எனக்குப் பணம் தருகிறார்கள். நான்கு நாள் சாயங்காலம் அவளை எதிரில் உட்காரவைத்து, நானே கவுன்டர்காரனாகக் கேள்வி கேட்டேன். ஸ்லோகம் பாடம் பண்ணுகிறவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். திக்கினாள், திருத்தினேன்.

“பணம் தரான்னு சொல்லணுமா என்ன?” என்று ஒரு தடவை கேட்டாள்.

“மறைச்சாத்தான் தப்பு. எத்தனை தடவை கேட்டாலும் இதையே சொல்லு. மாத்திப் பேசினா மாட்டிப்பே” என்றேன்.

அந்தக் கடைசி வார்த்தை என் அனுபவத்திலிருந்து வந்தது. தவறாகப் பேசிவிட்டோம் என்று தெரிந்தவுடன் ஆட்கள் மாற்றிப் பேசித் தப்பித்துப் போவதை நான் பார்த்திருக்கிறேன். நாகு தப்பித்துவிடக் கூடாது என்று அந்தக் கதவையும் சாத்தினேன்.

ஒன்றைக் கவனியுங்கள். நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில் பொய் ஒரு வார்த்தைகூட இல்லை. இத்தனை வருடமும் நான் பிடித்துக்கொண்டு நின்றது இந்த ஒன்றைத்தான்.

டம் டம் விமான நிலையத்தில் அவளை ஏற்றிவிட்டேன். கைப்பையில் தாராவுக்கென்று கிளறிய பிரசவ லேகியம் இருந்தது. மூன்றாம் நாள் அந்த லேகியத்தோடு திரும்பி வந்தாள். கவுன்டரிலிருந்து தனி அறைக்குக் கூட்டிப்போய் இரண்டு பேர் மாற்றி மாற்றிக் கேட்டார்களாம். ஒவ்வொரு தடவையும் அதையே சொல்லியிருக்கிறாள். வெளியே கிரீஷ் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காத்திருந்தான், அவனைப் பார்க்கவிடவில்லை. விசாவை ரத்து செய்து, ஐந்து வருடம் இந்தப் பக்கம் வரக் கூடாது என்று சொல்லி அடுத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டு மூன்று மாதம் தடை வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ஐந்து வருடத்தை நான் எதிர்பார்க்கவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்பதும் தெரிகிறது.

வீட்டுக்கு வரும் டாக்ஸியில் நாகு என் பக்கம் திரும்பி, “ஏன்னா, நான் சரியாத்தானே சொன்னேன்?” என்று கேட்டாள்.

“பயத்துல கூடக் குறைய ஏதாவது சொல்லியிருப்பே” என்றேன்.

அவள் யோசித்தாள். “இருக்கும்” என்றாள்.

வீட்டுக்குள் நுழைவதற்குள் போன் அடித்தது. தாரா கத்தியது எனக்கும் கேட்டது. “எத்தனை தடவை படிச்சுப் படிச்சு சொன்னேன்? பணம்னு ஏம்மா சொன்னே? உன்னை யார் கேட்டா?”

நாகு ரிசீவரைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். நான் பெட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். “வாய் தவறிடுத்துடி” என்றாள்.

அன்று ராத்திரி அவள் ரசம் வைத்தாள். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

கிரீஷுக்கு லீவு கிடைக்கவில்லை. குழந்தையைப் பார்க்க வேலைக்கு வைத்த பெண் ஒரு வாரத்தில் நின்றுவிட்டாள். மூன்று வயதுகூட ஆகாத குழந்தை அம்மா தூக்கு என்று அழுதால் எந்தத் தாய் தூக்காமல் இருப்பாள்? ஏழாம் மாதத் தொடக்கத்தில் வலி வந்துவிட்டது. ஆண் குழந்தை. ஒரு நாள் இருந்தான்.

தாரா அதற்கப்புறம் அம்மாவோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். நாகு எடுத்தால், “அப்பாகிட்ட குடு” என்பாள். நாகு ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பாள், ரிசீவரிலிருந்து கசிகிற குரலைக் கேட்பதற்காக. தாரா என்னோடு அப்படி மனம்விட்டுப் பேசியது அந்த வருடங்களில்தான். அழுவாள், நான் சமாதானம் சொல்வேன். “உன் அம்மாவை மன்னிச்சுடும்மா, அவளுக்கு விவரம் போறாது” என்றுகூட ஒருநாள் சொன்னேன். நாகு அதையும் பக்கத்தில் நின்று கேட்டாள்.

எனக்கு வேண்டியது கிடைத்தது. வேளாவேளைக்குக் காபி, லேக்கிலிருந்து திரும்பினால் கதவைத் திறக்க ஓர் ஆள். அந்த ஆள் சிரிக்க மறந்துபோயிருந்தாள். பண்டிகைக்குப் பட்சணம் செய்வதை நிறுத்தினாள். குளிர்காலத்துக்கென்று சுபிக்ஷாவுக்கு ஸ்வெட்டர் பின்னி, அனுப்பப் பயந்து அலமாரியில் வைத்தாள். அடுத்த குளிர்காலத்துக்குக் கொஞ்சம் பெரிதாக இன்னொன்று பின்னினாள். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். தினமும் சொல்லியிருக்கலாம்.

2006-இல் அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. அலிப்பூரில் ஒரு நர்ஸிங் ஹோமில் சேர்த்தோம். கடைசி வாரத்தில் ஒருநாள் சாயங்காலம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஒண்ணு சொல்லணும்னா. நான் கூடக் குறையச் சொல்லலை. நீங்க சொல்லிக் குடுத்ததைத்தான் அட்சரம் பிசகாம சொன்னேன்.”

நான் மற்றக் கையால் அவள் போர்வையை இழுத்துவிட்டேன்.

“நீங்க நல்லதுன்னு நினைச்சுத்தான் சொல்லிக் குடுத்தேள். உண்மை, உண்மைன்னே இருந்தவர், ஊர் நடப்பு தெரியலை. தாராவுக்குத் தெரிஞ்சா உங்களையும் விட்டுடுவா. எனக்கப்புறம் உங்களுக்கு யார் இருக்கா? அது என் பேர்லயே இருக்கட்டும். நீங்க வாயைத் திறக்காதீங்கோ.”

“சரி” என்றேன்.

அவள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். என்னை யோக்கியன் என்று நம்பினாள். அவள் செத்துக்கொண்டிருந்த நேரத்தில்கூட அந்த நம்பிக்கையை என்னால் திருத்த முடியவில்லை. திருத்தியிருந்தால் அவள் நிம்மதி போயிருக்கும் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டேன். போயிருக்கக்கூடியது என் நிம்மதிதான்.

காரியத்துக்குத் தாரா வந்தாள். அலமாரியைத் திறந்து, நாலு ஸ்வெட்டர்களை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். “நான் அம்மாவோட பேசியிருக்கணும்பா” என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். நாகு கேட்டுக்கொண்டபடி வாயைத் திறக்கவில்லை. இதற்கு மட்டும் நான் நல்ல கணவன்.

சென்ற மாதம் தாரா போன் செய்தாள். “சுபிக்ஷா ஸ்கூல் விட்டு வந்தா ஆத்துல யாரும் இல்லேப்பா. நீ ஆறு ஆறு மாசமா வந்து இரேன். எனக்கும் நீ ஒருத்தன்தானே மிச்சம்.” சரி என்றேன்.

நேற்று விசாவுக்கு நேர்காணல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம்பெண், மரியாதையாகப் பேசினாள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டாள். மகளைப் பார்க்க, பேத்தியோடு நயாகரா பார்க்க என்றேன். பேத்தியைப் பார்த்துக்கொள்ளத்தான் போகிறீர்களோ என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். இந்த வயதில் என்னையே இன்னொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் அம்மா, நான் ஊர் சுற்றத்தான் போகிறேன் என்று நானும் சிரித்தேன். விசா கொடுத்தாள்.

வெளியே வந்து டிராம் ஏறிப் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது. அந்த ஜன்னல் முன்னால் நின்றபோது, உண்மையைச் சொல்லலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.