மகள் வீட்டு ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கைப் படுக்கவைத்துத்தான் ஓட்ட வேண்டும். நிற்கவைத்தால் போகிறபோக்கில் யாராவது கை பட்டுத் தள்ளிவிடுவார்கள். மாப்பிள்ளை சொல்லிக்கொடுத்தது.

எங்கள் வீட்டுப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் அலமாரியில் இருக்கும் கம்ப்யூட்டர் சேமிப்புப் பெட்டியில் கிடக்கின்றன. பெட்டி கெட்டுவிட்டால்? அதற்காக இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் பேக்கப். ஒன்று என்னிடம், மற்றது மகள் வீட்டில்.

"ஒரே வீட்ல வைக்கக் கூடாது மாமா. தீப்பிடிச்சா மொத்தமும் காலி."

"என்னையும் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா மாப்பிள்ளை?"

விழுந்து விழுந்து சிரித்தார். நல்ல மனிதர். பிறகு எச்சரித்தார்: பெட்டியில் எதையாவது அழித்தால், அடுத்த முறை செருகும்போது டிஸ்க்கிலும் அது அழிந்துவிடும். அப்படித்தான் அமைத்திருந்தார்.

என் மனைவி படுக்கையில் கிடந்த மாதங்களில் மகளுக்காக வீடியோக்கள் பேசி வைத்தாள். என்னை மருந்துக்கடைக்கு அனுப்பிவிட்டுத்தான் பேசுவாள். "உங்கப்பா இந்நேரம் பாதி வழியில திரும்பி வந்து கதவுகிட்ட நிப்பாரு பாரு" என்று ஒன்றில் சொல்கிறாள். நின்றுகொண்டுதான் இருந்தேன். "ஒரேயடியா பார்த்துத் தீர்த்துடாதடி, வாரத்துக்கு ஒண்ணு" என்றும் சொல்லியிருந்தாள்.

அவள் போன பிறகு மகள் அப்படியே செய்தாள். வாரம் தவறாமல் தன் வீட்டு டிஸ்க்கில் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்க வருவதுதான் குறைந்துபோனது. "நேத்து அம்மா பேசப் பேச அப்படியே தூங்கிட்டேம்பா" என்றாள் ஒருநாள் போனில், அவ்வளவு சந்தோஷமாக. நான் அந்த வாரம் முழுக்கப் பால்காரரிடம் மட்டுமே பேசியிருந்தேன்.

போய்ச் சேர்ந்தவளே பேசிக்கொண்டிருந்தால் பெண் எப்போது தேறுவாள், சொல்லுங்கள்? பெட்டியிலிருந்து அந்த வீடியோக்களை நீக்கினேன். என் டிஸ்க்கைச் செருகினேன், அதிலும் போயின. மிச்சம் மகள் வீட்டு டிஸ்க்.

"பேத்தி படமெல்லாம் பெட்டியில ஏத்தி வச்சிருக்கேன். டிஸ்க்கை எடுத்துக்கிட்டு சாப்பிட வா கண்ணு."

வந்தாள். நானே சமைத்தேன். உப்பு கொஞ்சம் தூக்கல், கேலி செய்துகொண்டே இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள். பின்னால் அலமாரியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கை கழுவி வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

வீட்டுக்குப் போய்த் தேடியிருக்கிறாள். முன்பு ஒருமுறை இங்கே வந்தபோது அவளே பெட்டியின் ஃபோல்டர்களை ஒழுங்குபடுத்தியிருந்ததால், தான்தான் கைதவறி அழித்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிட்டாள். மாப்பிள்ளைகூடச் சத்தம் போட்டாராம். நான் அவரைக் கண்டித்தேன். "தெரியாம செஞ்சதுதானே, விடுங்க மாப்பிள்ளை."

இப்போது வீடு கலகலப்பாக இருக்கிறது. ஞாயிறு தவறாமல் வருகிறார்கள். அம்மாவைப் பற்றி எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானாலும் மகள் என்னிடம்தான் கேட்க வேண்டும். அலுக்காமல் சொல்கிறேன். போன வாரம், "அந்தக் கடைசி வீடியோவெல்லாம் நான் பாக்கவே இல்லப்பா. அம்மா அதுல என்ன சொல்லியிருப்பா?" என்றாள்.

நான் எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். 'அப்பா தனியா இருக்காரேன்னு உன் வேலையை விட்டுடாதடி' என்பதுதான் கடைசியில் இருந்தது.

"அப்பாவைத் தனியா விட்டுடாதேன்னு சொல்லியிருப்பாம்மா" என்றேன்.

என் தோளில் சாய்ந்து அழுதாள். வேலையை விட்டுவிட்டு, அடுத்த மாதம் குடும்பத்தோடு இங்கேயே வந்துவிடுகிறாள். மாடி அறைக்கு அவளுக்குப் பிடித்த மஞ்சள் வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா இல்லாத குறை அவளுக்குத் தெரியவே கூடாது.