மேரிமின் அம்மா யார்

– உள்ள வா தோக்தா. நீ வாசல்லயே நின்னா குளிர் பூரா என் கூடாரத்துக்குள்ளதான் வரும்.

– உக்கார வரலக்கா. ஒரு விஷயம் கேட்டுட்டுப் போயிடுறேன்.

– கேக்குறத உக்காந்து கேளு. டீ கொதிச்சிருச்சு. அதுல உப்பு உனக்குக் கம்மியாத்தானே?

– எதையாவது போடு. மேரிம் எங்க?

– சாபிர் புதுக் குதிரைக்குட்டியக் காட்டுறேன்னு தூக்கிட்டுப் போயிருக்கான். சித்தப்பன் தோள்ல ஏறிட்டா எறங்குவாளா அவ?

– அந்தச் சாபிரைப் பத்தித்தான் பேச வந்தேன். நம்ம புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு குளிர்காலமே முடிஞ்சிருச்சு. இனி எந்நேரமும் புள்ளைய நிறுத்திவச்சு, உன் அம்மா யாருன்னு கேப்பான்.

– கேக்கத்தான் செய்வான். அண்ணன் செத்தா தம்பி கேக்கணும். புள்ள சொல்றவ இங்க இருப்பா, மத்தவ பொறந்த வீட்டுக்குக் கெளம்பணும். மாமியா காலத்துலயும் அப்படித்தான்.

– அவ உன்னைத்தானே சொல்லுவா. பால் மறந்த அன்னைக்கே மூத்தவ கூடாரத்துக்குன்னு இங்க தூக்கிட்டு வந்துட்டாங்க. நீ அம்மா. பெத்த நான் சித்தி.

– இந்த வழக்கத்த நானா உண்டாக்கினேன்?

– உன்னக் குத்தம் சொல்லலக்கா. நீ ஒரு வார்த்த சொல்லிக்குடுத்தா அவ மாத்திச் சொல்லுவா. உன் கால்ல வேணாலும் விழுறேன்.

– எந்திரி மொதல்ல. நான் எங்க போவேன்னு யோசிச்சியா? கணவாய்க்கு அந்தப் பக்கம் எனக்குன்னு ஒரே அண்ணன். அவனுக்கு என் மொகமே மறந்து போயிருக்கும்.

– எனக்குப் பொறந்த வீட்டுல ஆத்தா, அண்ணன், தம்பி எல்லாரும் இருக்காங்க. மேரிம் இல்லையேக்கா.

– இன்னொரு கிண்ணம் ஊத்தட்டா?

– பேச்ச மாத்தாத.

– மாத்தல. மேரிம் இங்க வந்ததுலேருந்து நீ இந்த வாசல மிதிச்சதே இல்ல. ஒரே ஆளுக்கு வாக்கப்பட்டு பக்கத்துப் பக்கத்துக் கூடாரத்துல இருக்கோம். உன் அடுப்புல புகை கெளம்புறதப் பாத்துத்தான் நீ எந்திரிச்சிட்டன்னு தெரிஞ்சுக்குவேன்.

– வந்தா அவ உன் மடியில கெடப்பா. எனக்கு வயிறு எரியும். உன்மேல கோவமெல்லாம் இல்ல. இல்ல, இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன்.

– இருந்துட்டுப் போகட்டும். அவரும் உன் கூடாரமே கதின்னு கெடந்தாரு. எனக்கு இந்தப் புள்ள ஒண்ணுதான் பேச்சுத்துணை. தூக்கத்துலகூட அவளுக்கு வாய் ஓயாது.

– தெரியும். தெரிஞ்சுதான் கேக்குறேன். நான் பாவியாவே இருந்துட்டுப் போறேன், விட்டுக்குடு.

– டீ ஆறிப்போச்சு பாரு. குடி.

– குடிச்சிட்டேன். என்னக்கா இது, படுக்கையெல்லாம் சுருட்டிக் கட்டியிருக்கு? உன் பெட்டியக் காணோம்?

– பெட்டி ஒட்டகத்து மேல ஏறிருச்சு. காலையில நீ குதிரைப்பால் கறக்கப் போயிருந்தப்பவே சாபிர் வந்து மேரிம்கிட்ட கேட்டுட்டான். உன்னச் சொல்லணும்னு குளிர்காலம் பூரா அவளுக்குச் சொல்லிக்குடுத்திருந்தேன். ஆனாலும் என் பக்கம்தான் மொதல்ல திரும்பினா. உன் கூடாரத்தப் பாத்துக் கண்ணக் காட்டினேன். அப்பறம் உன் பேரச் சொல்லிட்டா.

– அக்கா, அப்ப இவ்வளவு நேரம் என்ன எதுக்குக் கெஞ்சவிட்ட?

– வந்ததும் சொல்லியிருந்தா புள்ளகிட்ட ஓடியிருப்ப. கெஞ்சுற வரைக்கும் என்கூட உக்காந்திருந்தியே.