கதவோரப் படுக்கை

ரயிலில் மேல் படுக்கைதான் நல்லது என்பது என் கட்சி. கீழே படுத்தால் ஆளாளுக்கு நம் கால்மாட்டில் வந்து உட்காருவார்கள், பொட்டலத்தைப் பிரிப்பார்கள், கொஞ்சம் நகர்ந்து படுங்களேன் என்பார்கள். மேலே ஏறிவிட்டால் நம்மைக் கேட்பார் கிடையாது. ஆனால் வயதானவர்களுக்குக் கீழ் படுக்கைதான் சரி, அதையும் ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் அண்ணனுக்குக் கீழே எடுத்தேன்.

நீங்கள் அந்த மலை ரயிலில் போயிருக்கிறீர்களா சார்? சாயங்காலம் கிளம்பினால் ராத்திரி முழுக்க ஏறிக்கொண்டே இருக்கும். விடிகிற நேரத்துக்குப் பள்ளத்தாக்குப் பாலத்துக்கு வந்து சேரும். அந்தப் பாலத்துக்காகத்தான் ஜனங்கள் அதில் போகிறார்கள். அண்ணன் வங்கியில் காசாளராக இருந்தவர். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தே ஆயுசில் பாதி போய்விட்டது, அந்தப் பாலத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று ஓய்வு பெற்றதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. ஒரே வீடு, ஒரே அறை. எனக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. டிக்கெட் எடுக்கிற பொறுப்பு என் தலையில்தான் விழுந்தது. எங்கள் வீட்டில் எது என் தலையில் விழவில்லை?

முன்பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் பொறுமைசாலி. படம் போட்ட அட்டையைத் திருப்பிக் காட்டி, படுக்கை மூன்று வகை என்றாள். முதலாவது, இரண்டு பேருக்கான தனி அறை. கதவை உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, நான்கு பேர் படுக்கிற திரை போட்ட தடுப்பு. வண்டி கிளம்பினதும் பெட்டியின் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்ளும். மூன்றாவது, பழைய மரப்பெட்டி. வாசற்படியில் நின்று படம் எடுக்கிற இளவட்டங்களுக்காக இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்களாம். அதில் வெளிக்கதவைக் கையால்தான் திறக்க வேண்டும், கையால்தான் சாத்த வேண்டும்.

"பெரியவருக்கு அது வேண்டாம் சார். தனி ரூம் எடுத்துக்கங்க, நிம்மதியாத் தூங்கலாம்" என்றாள்.

நான் ஆற அமரக் கேட்டேன். மரப்பெட்டியின் கதவு இறுகலாக இருக்குமா, ராத்திரியில் பூட்டுவார்களா, பணியாள் எங்கே படுப்பார் என்று ஒவ்வொன்றாக. தாழ்ப்பாளைக் குழந்தைகூடத் திறந்துவிடும் என்றும், பணியாள் அடுத்த பெட்டியில் இருப்பார் என்றும், வழியில் நிற்கிற இடங்களுக்காகக் கதவைப் பூட்டுவதில்லை என்றும் சொன்னாள். வழக்கமாக ஆண்கள் வந்தால் ஜன்னலோரமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுவார்களாம். கூடப் பிறந்தவருக்காக இவ்வளவு விசாரிக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறாளாம். "தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சும்மாவா சொன்னாங்க" என்று சிரித்தாள். நல்ல பெண். அவளை நீங்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.

மரப்பெட்டியில் கதவை ஒட்டின கீழ் படுக்கையை அண்ணனுக்கு எடுத்தேன். எனக்கு அதே பெட்டியின் மறுகோடியில் மேல் படுக்கை. பக்கத்திலேயே காலி இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, என் குறட்டை அண்ணனுக்கு ஆகாது என்றேன். அது பொய். எனக்குக் குறட்டை கிடையாது. குறட்டை விடுகிற அளவுக்கு நான் என்றைக்குமே தூங்கினதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அண்ணனுக்குச் சின்ன வயதில் தூக்கத்தில் எழுந்து நடக்கிற வியாதி. ஒரு ராத்திரி மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர்மேல் போய் நின்றுவிட்டார். கண் திறந்திருக்கிறது, பேசினால் பதில்கூட வருகிறது, ஆனால் ஆள் தூக்கத்தில் இருக்கிறார். அம்மா மெதுவாகப் பின்னால் போய் இடுப்போடு சேர்த்துப் பிடித்து இறக்கினாள். மறுநாள் தையல்கடையிலிருந்து வெள்ளை நாடா வாங்கி வந்தாள். ஒரு முனையை அண்ணனின் கணுக்காலில் கட்டினாள், இன்னொரு முனையை என் மணிக்கட்டில். எனக்கு அப்போது பால்பல்கூட முழுசாக விழுந்திருக்கவில்லை.

"அவன் எழுந்தா உன் கை இழுக்கும். உடனே முழிச்சுக்கணும். நீ அசந்துட்டே, உனக்கு அண்ணன் இல்லை. புரியுதா?" என்றாள்.

புரிந்தது. அன்றையிலிருந்து நான் அசரவில்லை. தூங்கினால் இழுப்பது தெரியாமல் போய்விடுமோ என்று விழித்திருப்பேன். விழித்திருந்து களைத்துக் கண் செருகும்போது அண்ணன் புரண்டு படுப்பார், தூக்கிவாரிப் போடும். வளர்ந்தோம், வேலைக்குப் போனோம், அம்மா போய்ச் சேர்ந்தாள், நாடா மட்டும் போகவில்லை. நைந்தால் புதிதாக வாங்கிவிடுவேன். அச்சகத்தில் ராத்திரி ஷிப்டுக்கு மேற்பார்வையாளராகப் போகச் சொன்னார்கள், முடியாது என்றேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் போனான். பிழை திருத்துகிற ஒரு பெண் இருந்தாள், என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதம்தான். நாடா விஷயத்தைச் சொன்னேன். கேலி செய்வாள் என்று பார்த்தேன், செய்யவில்லை. "அப்போ ராத்திரியில நான் எங்கே படுக்கறது?" என்று மட்டும் கேட்டாள். கல்யாணப் பேச்சு அதோடு நின்றது. அவள் நியாயமாகத்தான் கேட்டாள்.

அண்ணனுக்கோ ஒரு குறையும் கிடையாது. படுக்கையில் சாய்ந்ததும் காலை நீட்டுவார், நான் கட்டுவேன், அடுத்த நிமிஷம் கும்பகர்ணன். காலையில் பூப்போல எழுந்திருப்பார். தெருவில் யாராவது நாடாவைப் பற்றிக் கிண்டல் செய்தால், "தம்பி உடையான் படைக்கு அஞ்சான்யா" என்று என் தோளில் கை போட்டுக்கொள்வார். நானும் சிரித்துவைப்பேன். அவரை எனக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்தில் எனக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

பெரியவனான பிறகு நாடா எத்தனை தடவை இழுத்தது என்று நேற்று கேட்டீர்கள். இழுக்கவில்லை. நான் இருந்தேன், அதனால் இழுக்கவில்லை. குடை பிடித்தவன் நனையவில்லை என்றால் மழையே பெய்யவில்லை என்றா அர்த்தம்?

போன மாதம் அண்ணன் உடம்பு முழுக்கப் பரிசோதனை செய்துகொண்டு வந்தார். இதயம் வாலிபனுக்கு இருப்பதுபோல இருக்கிறதாம், இன்னும் இருபது வருஷத்துக்குக் கவலை இல்லையாம். "கிழவன் உன்னை விடமாட்டேன்டா" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் போய் டிக்கெட் எடுத்தேன்.

உடனே கொலைத் திட்டம் என்று எழுதிவிடாதீர்கள். நான் போட்டது தூங்குகிற திட்டம். ஒரே ஒரு ராத்திரி, கையில் எதுவும் இல்லாமல், மனிதனாகப் பிறந்தவன் தூங்குவதுபோலத் தூங்குவது. அந்த நேரத்தில் அவர் எழுந்தால் அது அவர் தலையெழுத்து. பக்கத்தில் கதவு இருந்தால் அது ரயில்காரன் வைத்த கதவு. இதில் நான் செய்தது என்ன, படுக்கை தேர்ந்தெடுத்தது ஒன்றுதானே? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டி ஏறினேன்.

படுக்கிற நேரம் வந்ததும் அண்ணன் பழக்கதோஷத்தில் காலை நீட்டினார். "நாடா எங்கடா?" என்றார். மறந்துவிட்டேன் என்றேன். நீட்டின காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "சரி விடு, ஒரு ராத்திரிதானே. போய்ப் படு" என்றார். நான் மறுகோடிக்குப் போய் ஏறிப் படுத்தேன்.

தூக்கம் வரவில்லை சார். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கின படுக்கை. கை காற்றில் மிதக்கிறாற்போல இருந்தது. கதவுப் பக்கம் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே கிடந்தேன். இரண்டு மூன்று தடவை இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன். அண்ணன் கை இரண்டையும் மார்பின்மேல் வைத்துக்கொண்டு அடித்துப் போட்டாற்போலத் தூங்கினார். புரளக்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது. வாழ்நாள் முழுக்க என்னை விழித்திருக்க வைத்துவிட்டு, நான் விட்டுவிட்ட அந்த ஒரு ராத்திரியில் இப்படிக் கல்லாகக் கிடந்தால் என்ன அர்த்தம்?

வெளுக்கத் தொடங்கும்போது அவர் கால்மாட்டில் போய் உட்கார்ந்தேன். அவர் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தூங்கலையா? தெரியும்டா. அது இல்லாம உனக்குத் தூக்கம் வராதுன்னு தெரியும்" என்றார்.

எனக்கா என்று கேட்டேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். அந்த வியாதி அவருக்கு மீசை முளைக்கும் முன்னாலேயே நின்றுபோய்விட்டதாம். சந்தேகம் தீர, நான் கண்ணயர்ந்த பிறகு முடிச்சை அவிழ்த்துவிட்டு, கட்டிலைச் சுற்றித் தரையில் முகப்பவுடரைத் தூவிவைத்துத் தூங்கினாராம். ஒரு நாள் இல்லை, பல நாள். விடிந்து பார்த்தால் ஒரு கால்தடம்கூட இருக்காதாம். துடைத்துவிட்டு, நான் எழுவதற்கு முன்னால் திரும்பக் கட்டிக்கொள்வாராம். அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார்.

"அம்மாதான் சொன்னாங்க, இருக்கட்டும்டா, அவனுக்கு வேற என்ன இருக்கு, அண்ணனைக் காப்பாத்தறோம்னு ஒரு பெருமை, அதையும் பிடுங்காதேன்னாங்க. நானும் உனக்காகத்தான்டா காலை நீட்டிக்கிட்டு இருந்தேன்."

அன்பாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு என் மணிக்கட்டைத் தடவிக்கொடுத்தார். நாடா அறுத்து அறுத்து அங்கே தோல் கறுத்திருக்கும், பாருங்கள், இதோ. எனக்கு வேறு என்ன இருக்கிறது என்று அம்மா கேட்டாளாம். வேறு என்னவெல்லாம் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா? அந்த அச்சகத்துப் பெண் வீட்டுக்கு வந்து எங்கே படுப்பது என்று கேட்டபோது இவர் எங்கள் சமையலறையில்தான் இருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

நான் சத்தம் போடவில்லை. பாலம் வரப்போகிறது, கதவுப் பக்கம் நின்றால் நன்றாகத் தெரியும் என்றேன். செருப்புப் போடாமல் எழுந்து வந்தார். தாழ்ப்பாளை நான்தான் திறந்தேன். டிக்கெட் கொடுத்த பெண் சொன்னது சரி, இறுகலே இல்லை. பனி, கீழே பள்ளம், எங்கோ அடியில் தண்ணீர். "அடேயப்பா" என்றார். அப்புறம் கையை என் பக்கம் நீட்டி, "பிடிச்சுக்கோடா" என்றார். பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கையை விட்டுவிட்டு முதுகில் வைத்துத் தள்ளினேன். பெரிய பலம் தேவைப்படவில்லை. அவர் என்னை நம்பி முன்னால் சாய்ந்து நின்றிருந்தார்.

கதவைச் சாத்திவிட்டுப் போய் மேலே ஏறிப் படுத்தேன். பணியாள் வந்து உலுக்கி எழுப்புகிற வரைக்கும் தூங்கினேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. அப்படி ஒரு தூக்கம் என் வாழ்க்கையில் கிடையாது. அதற்கப்புறமும் கிடையாது, இப்போது படுத்தால் இரண்டு கையும் சும்மா கிடக்கின்றன, என்ன செய்வது என்று தெரியவில்லை.

தெருக்காரர்கள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பாவம் தம்பி, ஒரே ஒரு நாள் கட்ட மறந்துவிட்டான், அண்ணன் தூக்கத்தில் எழுந்து போய்க் கதவு வழியாக விழுந்துவிட்டார் என்று. நீங்களும் நேற்று, வயதானால் மறதி வருவது சகஜம், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று என்னை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை, அதுதான் விடிந்ததும் வந்துவிட்டேன். நான் மறக்கவில்லை. ஒரு ராத்திரிகூட மறந்தவன் இல்லை நான். நாடாவை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், மறதி என்று மட்டும் எழுதாதீர்கள்.

அந்த வியாதி நின்றுவிட்டது என்று அவர் சொன்னதையும் எழுத வேண்டாம். அது கடைசிவரைக்கும் இருந்தது. அவர் அன்றைக்குப் பேசினதெல்லாம் தூக்கத்தில் பேசினது சார், எனக்குத் தெரியாதா, அந்த வியாதிக்காரர்கள் கண்ணைத் திறந்துகொண்டே பேசுவார்கள், சிரிப்பார்கள், நம் கையைக்கூடப் பிடித்துக்கொள்வார்கள்.