வைக்கோல் லொறியில் வந்தவள்

கல்லடி பஸ்ஸில் எனக்கு முன்னால் நரைத்த தம்பதி ஒன்று இருந்தது. பழைய லொறிகள் வைத்திருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“லொறியில ஏறி இருந்துக்கிட்டு ஏன் இறங்கமாட்டன் எண்டாய்? காவல்காரனும் சிரிச்சிட்டான்.”

“நாம ஓடி வந்த அண்டைக்கு நீங்க முன் சீற்றில. நான் பின்னால, வைக்கோலுக்குள்ள. முன்னுக்கு எப்பிடி இருக்கும் எண்டு பாக்கணுமே.”

“சொகுசாவா வந்தன்? ஓட்டமாவடியில இருந்து செங்கலடி வரைக்கும் பயந்து செத்தன்.”

“எங்கட அப்பாவுக்கா?”

“இல்ல. அங்க ரயர் மாத்த லொறி நிண்டதே. மனசு மாறி நீ இறங்கிப் போயிருப்பியோ எண்டு.”

அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார் அந்த அம்மா.

“இறங்கினனான்தான். நீங்க வெயிலுக்குள்ள ரயரை உருட்டிக்கிட்டு நிண்டீங்க. பாவமா இருந்திச்சி. திரும்ப ஏறிட்டன்.”